அட்டை நட்சத்திரம்

அத்தியாயம் 14

அன்னம்மாள் பரணிலிருந்து மூங்கில் சட்டத்தை இறக்கியபோது யாரும் அவளுக்கு ஏணியைப் பிடிக்கவில்லை.

சவரிராயன் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் தையல்நாயகி அடுப்படியிலிருந்து பார்த்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் ஐந்து முனைச் சட்டம். போன வருஷத்து அட்டைக் கிழிசல் இன்னும் இரண்டு முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது எதுக்கு இப்போ?" என்றார் சவரிராயன்.

"பண்டிகை வந்துக்கினு இருக்குது. வேற எதுக்கு?"

"இந்த வருஷம் வேணாம்."

அன்னம்மாள் சட்டத்தைச் சுவரில் சாய்த்தாள். தூசி தட்டினாள். 

போன வருஷம் இதே மார்கழியில் சண்டை முடிந்தபோது பட்டாளத்திலிருந்த மகன் அருளப்பனைக் 'காணவில்லை' என்று தந்தி வந்தது. செத்தான் என்று இல்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீடு ஒரே ஒரு ரயிலை நம்பி உட்கார்ந்திருந்தது. கைதிகளாகப் பிடிபட்டவர்கள் இந்த மாதம் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள். ரயில் வந்துவிட்டது. அருளப்பன் வரவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவன் பேரை எடுக்கவில்லை. எடுக்காமலே இருந்துவிடலாம் என்று தையல்நாயகி நினைத்திருந்தாள். பண்டிகை விடவில்லை.

இழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை. கோயிலிலிருந்து வரும் பாட்டுக் கோஷ்டியும் நட்சத்திரம் இல்லாத வாசலில் நிற்காது. மேளத்தை அடக்கிக்கொண்டு கடந்துபோகும். அந்தத் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் மூன்று. மற்ற இரண்டிலும் நட்சத்திரம் ஏறிவிட்டது.

"கட்டலைன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அன்னம்மாள்.

"தெரியும்."

"ஊரைக் கூட்டிச் சொல்ற மாதிரி."

"சொல்ல வேண்டியதுதான்." சவரிராயன் குரலை உயர்த்தவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எத்தினி பேரைப் பாத்திருக்கேன். கட்டிலாண்ட நின்னுக்கினு, இன்னும் மூச்சு இருக்குது, இன்னும் மூச்சு இருக்குதுன்னு சொல்லுவாங்க. டாக்டர் நகர்ந்துடுவாரு. நான்தான் போய்த் துணியை மூடணும். மூடியிருக்கேன். என் வீட்டுலயும் மூடுவேன் அன்னம்மா."

"உடம்பைப் பாத்தீங்களா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"பாக்காம எதை மூடுவீங்க?"

அன்னம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தையல்."

ஞானஸ்நானத்தில் அவளுக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். மாமியார் அந்தப் பேரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இதில் ஒரு பிரியம் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் தையல்நாயகி நினைத்தாள். காத்திருந்து காத்திருந்து அவளுக்கு உள்ளே தேய்ந்துபோயிருந்தது. தினமும் சாயங்காலம் பூக்காரி பூவம்மாள் வாசலில் கூடையை இறக்கி, "பாப்பா, ஒரு முழம்?" என்பாள். "நாளைக்கு" என்பாள் இவள். வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு வருஷமாக நாளைக்கு. ஏதாவது ஒன்று முடிந்தால் போதும் என்றிருந்தது.

அவள் வாய் திறக்குமுன் அன்னம்மாள் முந்திக்கொண்டாள்.

"உங்க நைனா வீட்டுல பழைய அட்டை கிடக்கும். போய் வாங்கிக்கினு வா."

தறியின் மேலே இருக்கும் ஜக்காடு பெட்டியில் ஓடுகிற அட்டை அது. எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்று அதில் குத்திய ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். அருளப்பன் பட்டாளத்துக்குப் போகுமுன் அட்டை குத்தும் கடையில் வேலை பார்த்தான். கெட்டுப்போன அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நட்சத்திரம் கட்டுவான். உள்ளே பல்பு எரிந்தால் எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும். தெருப் பிள்ளைகள் அந்தப் புள்ளிகளைக் கையால் பிடிக்கப் பார்க்கும். புது டிசைன் அட்டை கொடுக்கப் போன இடத்தில்தான் தறிக்காரர் பரமசிவத்தின் மகள் தையல்நாயகியை அவன் பார்த்தான். அவர் சம்மதிக்காமலே கட்டிக்கொண்டான்.

லீவில் வந்தபோது அவன் கட்டிவைத்த கடைசி நட்சத்திரம் போன வருஷம் தந்தி வந்தபோது வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்க யாருக்கும் கை வரவில்லை. ஆடிக் காற்றில் அதுவாகக் கிழிந்து போயிற்று. அவன் வேலை பார்த்த கடையும் இப்போது சைக்கிள் கடை ஆகிவிட்டது.

"நாலு வருஷமா நான் அந்த வாசப்படியை மிதிக்கல அத்தை."

"நட்சத்திரத்துக்குன்னு கேளு. குடுக்கலன்னா திரும்பி வா. கடைக் காகிதம் வேணாம். தூரத்துலேருந்து பாத்தா அவன் வீடுன்னு அவனுக்குத் தெரியணும் இல்ல?"

சவரிராயன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தை முகூர்த்தம் நெருங்குகிறது. இந்த மாதத்தில் ஒரு தறிகூட நிற்காது. வாசலில் நின்று பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள்.

தையல்நாயகிக்கு இன்னும் காது மறக்கவில்லை. இது சொக்கலிங்கம் வீட்டுத் தறி. இது ரெட்டைத் தறி வீடு. இரண்டு வீடு தள்ளி, ஜன்னல் உடைந்த வீடு. அதற்கடுத்து அவர்கள் வீடு.

அங்கே சத்தம் இல்லை.

அவள் நடையைக் குறைத்தாள். மறுபடியும் கேட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சத்தம், நடுவில் ஒரு வீடு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. தறியின் மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டில்தான் அப்படிப் போர்த்துவார்கள். 

அம்மா கமலாட்சி அடுக்களை வாசலில் நின்றாள். மகளைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்பா பரமசிவம் தறிக் குழி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மழிக்காத நரை. தம்பி உமாபதி கொல்லைப்புறத்திலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றான்.

அம்மா இருந்தாள். அப்பா இருந்தார். தம்பி இருந்தான். அந்த வீட்டில் அவ்வளவு பேர்தான்.

"யாரும்மா?" என்றாள் தையல்நாயகி.



"உள்ள வா" என்றார் பரமசிவம். நாலு வருஷம் கழித்து அவர் மகளிடம் பேசிய முதல் வார்த்தை.

"தறி ஏன் நிக்குது நைனா?"

"இன்னிக்கு மூணாம் நாள். சாயங்காலம் தலை முழுகிட்டு நாளைக்கு ஏறிடுவேன்."

"யாருக்கு மூணு நாள்?"

பரமசிவம் தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாப்பிள்ளைக்கு மூணு நாள்தான் தீட்டு, நம்ம பக்கம்."

மாப்பிள்ளை என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. 'அட்டைக்காரப் பையன்' என்பார். பிறகு அதுவும் இல்லை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கலியன்னு ஒருத்தன்" என்றார் பரமசிவம். "பாலாத்துக்கு அந்தாண்ட ஊரு. வெள்ளாமை பண்றவங்க. பட்டாளத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்களாம். பிடிபட்டு இப்பதான் வந்திருக்கான். ஒரு காதுல பஞ்சு வெச்சிக்கினு இருந்தான். இன்னொரு காதும் சரியாக் கேக்கல."

"இங்க ஏன் வந்தான்?"

"காஞ்சிபுரத்துல பரமசிவம் தறி வூடுன்னா யாரும் காட்டுவாங்க, அதான் எங்க மாமனார் வூடுன்னு சொல்லியிருக்கானாம் உன் வூட்டுக்காரன்."

"தண்ணி குடுத்து உக்காரவெச்ச வீடு மாதிரி பேசியிருக்குது அந்தப் புள்ள" என்றாள் கமலாட்சி. புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பரமசிவம் தலை நிமிரவில்லை.

"எப்பிடி நைனா?"

"பள்ளத்துல இருந்தாங்களாம். குண்டு வுழுந்து மண்ணு சரிஞ்சிட்டுது. இவன் கையாலயே தோண்டியிருக்கான். காதுல ரத்தம் ஒழுவுது, தோண்டியிருக்கான். எடுக்கறப்போ உசிரு இல்ல. அங்கியே மூடிட்டுத்தான் பிடிபட்டானாம்."

"எப்போ?"

"போன மார்கழி."

போன மார்கழி. அப்படியானால் நட்சத்திரம் தொங்கியபோதே. அவள் கர்த்தர் கற்பித்த ஜெபம் சொன்னதெல்லாம், பூவம்மாளிடம் நாளைக்கு என்றதெல்லாம், எல்லாமே அவன் மண்ணுக்குள் இருந்தபோது.

"ஏன் சொல்லி அனுப்பல?"

"எப்பிடிம்மா?" என்றார் பரமசிவம். "நாலு வருஷம் எட்டிப் பாக்காம, முதல் தடவையா உன் வாசல்ல வந்து நின்னு, இதையா சொல்றது? தீட்டு கழியட்டும்னு இருந்தேன்."

"அவங்க அம்மாவுக்குத் தெரியாது."

"அந்தம்மாவுக்கு அவன் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கானாம். என்னன்னு கேட்டேன். அதை அவங்ககிட்டதான் சொல்லுவேன்னுட்டான். பண்டிகை முடியட்டும், அப்பறமா வாப்பான்னு அனுப்பிவெச்சேன். தலையை ஆட்டினான். காதுல வுழுந்துதா இல்லியா, தெரியல."

அடுத்த வீட்டுத் தறி அடித்துக்கொண்டே இருந்தது.

"எனக்கு?" என்றாள் தையல்நாயகி.

"என்னாம்மா?"

"எனக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பலியா?"

பரமசிவம் தறியில் போர்த்தியிருந்த வேட்டியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் கேக்கல" என்றார்.

கமலாட்சி வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "இங்கியே இருந்துடுடி. போவாத."

 தையல்நாயகி விலகி எழுந்தாள்.

"நான் எதுக்கு வந்தேன்னு கேக்கலியேம்மா. பழைய அட்டை வேணும். நட்சத்திரம் கட்டணும்."

"பைத்தியமாடி உனக்கு?"

பரமசிவம் மகளை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.  எழுந்து, பலகை போட்டு ஏறி, உத்தரத்திலிருந்து அட்டைக் கட்டு ஒன்றை இறக்கினார். தூசியைத் தன் துண்டால் துடைத்து, அந்தத் துண்டிலேயே கட்டிக் கொடுத்தார்.

வழியில் சர்வதீர்த்தக் குளத்தில் இறங்கி முகம் கழுவினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்தது.

போய்ச் சொல்லிவிட வேண்டும். அது சரி. எல்லாருக்கும் தெரிய வேண்டிய சேதி. ஆனால் கலியன் பண்டிகை முடிந்துதான் வருவான். அன்னம்மாள் இப்போது ஊசியும் சணலும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

ஒரு பண்டிகை. அதைக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் அந்த அம்மாளுக்குக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை.

காலையில் எதுவும் தெரியாதபோது நட்சத்திரம் வேண்டாம் என்றிருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. அட்டைக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

சவரிராயன் வேலிப் படலருகே நின்றிருந்தார்.

"குடுத்தாரா உங்க நைனா?"

"குடுத்தாரு மாமா."

அவர் கட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உனக்கும் இதுல இஷ்டம் இல்ல. எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா. புத்தாண்டுக்கு முன்னாடி கோயில்ல அவனுக்கு ஆத்தும பூசைக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"கட்டிடலாம் மாமா."

"என்னம்மா?"

"நட்சத்திரம் கட்டிடலாம்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். எத்தனையோ நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பழகிய கண்.

"காலையில உன் மூஞ்சி வேற மாதிரி இருந்துது" என்றார். "அங்க ஏதாவது சேதி கெடைச்சுதா? பட்டாளத்துலேருந்து வந்தவங்க யாராவது...?"

"இல்ல மாமா."

சட்டென்று சொன்னாள். கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று. கண்ணை எடுத்துக்கொண்டாள்.

 சவரிராயன் தலையை மெதுவாக ஆட்டினார். "சரி. நல்ல சேதி, நிச்சயமா தெரியட்டும்னு இருக்கியா? அதுவும் சரிதான். நான் கேக்கல."

அவள் நிமிர்ந்தபோது அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

மதியம் முழுக்க அட்டை தைத்தார்கள். அன்னம்மாள் சணலைக் கோத்துக் கொடுத்தாள், தையல்நாயகி இழுத்துக் கட்டினாள்.

"உங்க நைனா அட்டை கேட்டா வெளக்குமாத்தைத் தூக்குவாருன்னு நெனச்சேன்" என்றாள் அன்னம்மாள். "துண்டுல கட்டிக் குடுத்திருக்காரு! அவன் வரட்டும், சொல்றேன். உன் மாமனாருக்கு மனசு எளகிட்டுதுடான்னு."

தையல்நாயகி சணலை இறுக்கினாள்.

கூடத்து மூலையில் சவரிராயன் கர்த்தர் பிறப்பைக் காட்டும் குடில் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாக வைக்கோல் கொண்டுவந்தார். தானாக மரப்பெட்டியை இறக்கினார். சவரம் செய்திருந்தார். பெட்டியிலிருந்து சுரூபப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தார். பாலனை மட்டும் பஞ்சில் சுற்றித் திரும்பவும் பெட்டியில் வைத்தார். அது திருநாள் ராத்திரிதான் குடிலுக்கு வரும்.

மாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை. அருளப்பன் சின்ன வயதில் உடைத்தது. உடைந்த கொம்பும் பெட்டியிலேயே கிடந்தது.

"கோந்து இருக்குது, ஒட்டிடட்டுமா?" என்றாள் அன்னம்மாள்.

"வேணாம்" என்றார் சவரிராயன். "உடைச்சவன் வந்து ஒட்டட்டும்."

தையல்நாயகியின் விரலில் ஊசி ஏறியது. அவள் கையை உதறவில்லை.

காலையில் துணியை மூடுவேன் என்ற மனுஷன். அவருடைய காயம் ஆற ஆரம்பித்திருந்தது. அதைத் தன் கையால் பிரித்துவிட்டாள். மாமியாருக்கு என்று நினைத்துக் கொடுத்ததை இவர் வாங்கிக்கொண்டுவிட்டார்.

"மாமா" என்றாள்.

"என்னம்மா?"

திரும்பினார். ஒரு வருஷமாக அவள் பார்க்காத முகம். கையில் கொம்பில்லாத மாடு.

"ஒண்ணுமில்ல மாமா. வைக்கோலு மேல விளக்கை வெச்சிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

இருட்டுமுன் நட்சத்திரம் ஏறியது. சவரிராயனே ஏணியில் ஏறிக் கட்டினார். பல்பு எரிந்ததும் எதிர்வீட்டுச் சுவர் முழுக்கப் புள்ளிகள் கொட்டின.

அன்னம்மாள் தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் ரயிலடிப் பக்கம் திருப்புங்க. அவன் அந்தப் பக்கமாத்தான் வருவான்."

அவர் திருப்பினார்.

பூவம்மாள் கூடையோடு வந்தாள். "அடேங்கப்பா! இந்த வீட்டுலயும் ஏறிட்டுதா! இன்னிக்காவது ஒரு முழம் போடட்டா பாப்பா?"

"நாளைக்..." என்று ஆரம்பித்தாள் தையல்நாயகி.

"ரெண்டு முழம் போடு" என்றாள் அன்னம்மாள்.

அவளே வாங்கினாள். மருமகளைத் திருப்பி நிற்கவைத்து, அவளே கொண்டையில் சுற்றினாள். தையல்நாயகி அசையாமல் நின்றாள். கனகாம்பரமும் கதம்பமும். ஈரம் பின்கழுத்தில் பட்டது.

பூவம்மாள் தெருமுனை நோக்கி நடந்தாள். முனையில் ஒரு ஆள் நின்று, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காக்கிக் கோட்டு. தோளில் ஒரு பை. பூவம்மாளிடம் ஏதோ கேட்டான். அது இங்கே வரைக்கும் காதில் விழுந்தது, அவ்வளவு சத்தம்.

"பட்டாளத்து அருளப்பன் வூடு எதும்மா?"

பூவம்மாள் பதில் சொன்னாள். அவன் காதோரம் கையைக் குவித்தான். அங்கே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் மறுபடி சொல்லவில்லை. கையைத் தூக்கி நட்சத்திரத்தைக் காட்டினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு நடக்க ஆரம்பித்தான்.

ஏணியின் மேலிருந்த சவரிராயனுக்கு எல்லாம் தெரிந்தது. "அன்னம்மா, பட்டாளத்து ஆளு! நம்ம வீட்டுக்குத்தான் வராரு!"  கீழே குனிந்து மருமகளைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, குழந்தையை மிரட்டுவதுபோல் விரலை ஆட்டினார்.

"உனக்கு முன்னாடியே தெரியும். இல்ல?"

அவசரத்தில் அவர் கால் ஒரு படி தவறியது. ஏணி ஆடியது.

தையல்நாயகி ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.